டிவி கேம், கேசட், கன்சோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களும், இப்போது பிள்ளைக்கு ஒரு கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி) வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கன்சோல் வரலாறு என்றாலே பிட், கிராஃபிக்ஸ், வேகம் என்றுதான் பலரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். பெட்டிக்குள் எந்த கேம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று முடிவெடுக்கும் சாவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். பாதிக் கதை புரிந்துவிடும்.

உலகின் முதல் வீடியோ கேம் எது?

எதை வீடியோ கேம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பொதுமக்களுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். மின்னலைகளைக் காட்டும் ஆசிலாஸ்கோப் கருவியின் சின்ன வட்டத் திரையில் ஒரு புள்ளி வலையைத் தாண்டி எகிறும், அவ்வளவுதான். ஆட வரிசையில் நின்றார்கள். அவரோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, காப்புரிமை கேட்கவும் இல்லை.

1962-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவே இழுக்கும் ஒரு நட்சத்திரம். கணினி நிரலாக எழுதப்பட்டு ஊர் ஊராகப் பரவிய கேம் என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கணினியின் விலை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். வீட்டுக்கு வரும் சங்கதி இல்லை.

முதல் கன்சோல் அட்டாரிதானே?

இல்லை, மேக்னவாக்ஸ் ஒடிஸி. 1972-ல் கடைக்கு வந்தது. அதன் மூளை ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938-ல், பதினாறு வயதில், குடும்பத்தோடு நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். சாண்டர்ஸ் என்ற ராணுவ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1966-ல் நியூயார்க் பேருந்து நிலையத்தில் காத்திருந்த நேரத்தில் டிவியில் விளையாடும் யோசனை வந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்த ஒடிஸியை இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். சத்தம் கிடையாது, கலர் கிடையாது, ஸ்கோர் எண்ணவும் தெரியாது. திரையில் வெள்ளைச் சதுரங்கள் மட்டும் நகரும். மைதானம், பேய் வீடு என்று படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். பெட்டிக்குள் தாயக்கட்டை, சீட்டு, பொய்ப்பணம் எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். அதில் செருகிய அட்டைகளில் நினைவகமே இல்லை. உள்ளே இருக்கும் இணைப்புகளை மாற்றிப்போடும் கம்பிப் பாலம் மாதிரிதான் அவை. சுமார் 3,50,000 பெட்டிகள் விற்றன.

அட்டாரி வந்ததும் அதே 1972-ல்தான். நிறுவனர் நோலன் புஷ்னெல் அந்த மே மாதம் ஒடிஸியின் செயல்விளக்கத்துக்குப் போய், அங்கிருந்த வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். சில மாதங்கள் கழித்து ஆலன் ஆல்கார்ன் உருவாக்கிய ‘பாங்’ சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. ஓடவில்லை என்று புகார் வந்து திறந்து பார்த்தால், காசு போடும் டப்பா நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. 1976-ல் அட்டாரி உரிமக் கட்டணம் கொடுத்துச் சமாதானமாகப் போனது. அந்தப் பதிவேட்டுக் கையெழுத்து புஷ்னெல்லுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

கேசட் எப்போது வந்தது?

கேம் நிரலைச் சில்லில் எழுதி, மாற்றி மாற்றிச் செருகும் முறை 1976-ல் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் என்ற கன்சோலில் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜெர்ரி லாசன், அன்றைய சிலிக்கான் பள்ளத்தாக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினப் பொறியாளர்களில் ஒருவர். அதைப் பெரிய வியாபாரமாக்கியது 1977-ல் வந்த அட்டாரி விசிஎஸ், பின்னால் 2600 என்று பெயர் மாறியது.

2600-ன் தற்காலிக நினைவகம் 128 பைட். தமிழ் வாசகருக்கு அதன் அளவைக் காட்டிவிடலாம்: யூனிகோடில் (வழக்கமான UTF-8 முறையில்) ‘தமிழ்நாடு’ என்று எழுத 27 பைட் ஆகும். நான்கு முறை எழுதலாம். ஐந்தாவது முறைக்கு இடம் போதாது. அந்த இடத்துக்குள் ஆளின் நிலை, எதிரியின் நிலை, ஸ்கோர் எல்லாவற்றையும் அடக்கினார்கள். முழுத் திரையை நினைவில் வைக்க வழியே இல்லாததால், டிவியின் மின்கற்றை ஒவ்வொரு வரியாக வரைய வரைய, அந்த வரிக்கு என்ன படம் என்று நிரல் ஓடி ஓடிச் சொல்ல வேண்டும். இன்றைய நிரலாளர்களில் எத்தனை பேர் இதற்குத் துணிவார்கள் என்று தெரியவில்லை.

அட்டாரி ஏன் விழுந்தது? ஈ.டி. கேசட்டைப் புதைத்த கதை உண்மையா?

‘ஈ.டி.’ என்ற ஹாலிவுட் படத்தை வைத்து அட்டாரி விட்ட கேமின் கேசட்டுகளைப் புதைத்தது உண்மை. 1983 செப்டம்பரில் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொட்டி மூடினார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது சுமார் 1,300 கேசட்டுகளை வெளியே எடுத்தார்கள். ஈ.டி. மட்டும் இல்லை, வேறு பல கேம்களும் இருந்தன.

ஈ.டி. கேமை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம். கேம் குழிக்குள் விழுந்து விழுந்து எழுந்திருப்பதாகவே முடிந்தது. ஆனாலும் ஒரு கேம் ஒரு தொழிலையே கவிழ்த்தது என்பது மிகை.

விவகாரம் வேறு. அட்டாரியில் கேம் எழுதியவர்களின் பெயரைக் கேசட்டில் போட மாட்டார்கள். வாரன் ராபினெட் என்ற நிரலாளர் கடுப்பாகி, ‘அட்வெஞ்சர்’ கேமில் ஒரு ரகசிய அறை வைத்து அதற்குள் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர் வெளியேறி 1979-ல் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் வெளியாரும் கேம் விற்கலாம் என்று ஆனது. 2600-ல் பூட்டு எதுவும் கிடையாது. ஆக்டிவிஷன் நல்ல கேம்களைக் கொடுத்தது, சரி. பின்னாலேயே ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனிகூட கேம் பிரிவு தொடங்கியது. கடைகளில் குப்பை குவிந்தது. நாற்பது டாலர் கேமுக்குப் பக்கத்தில் ஐந்து டாலர் கேம். எது நல்லது என்று அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும்? 1983-ல் சுமார் 300 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் சந்தை 1985-ல் 10 கோடிக்கு வந்தது.

நிண்டெண்டோ சீட்டுக்கட்டு கம்பெனியாமே?

ஆமாம். 1889-ல் கியோட்டோவில் ஹனாஃபுடா என்ற பூச்சீட்டு செய்யத் தொடங்கியது. இப்போதும் செய்கிறது.

அமெரிக்காவில் எல்லாரும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு நிண்டெண்டோ எப்படி உள்ளே நுழைந்தது?

ஜப்பானில் 1983 ஜூலை 15-ல் மசாயுகி உவெமுரா வடிவமைத்த ஃபேமிகாம் வந்தது, 14,800 யென். சிவப்பும் வெள்ளையுமாக, மேலே கேசட் செருகும் பெட்டி. அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே கதவைச் சாத்தினார்கள். அதனால் 1985-ல் அங்கே போனபோது சாம்பல் நிறத்தில், வீடியோ டெக் மாதிரி முன்பக்கம் கேசட் தள்ளும் பெட்டியாக மாற்றி, ‘என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்று பெயர் வைத்தார்கள். நெஸ் என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். கூடவே ஆர்.ஓ.பி. என்று ஒரு பிளாஸ்டிக் ரோபோ. அந்த ரோபோவை வைத்து இரண்டே கேம்தான் ஆட முடியும். பொம்மைக் கடைக்குள் நுழைய அதுதான் டிக்கெட்.

உள்ளே இருந்த பெரிய மாற்றம் பூட்டு. கன்சோலில் ஒரு சில்லு, கேசட்டில் அதன் ஜோடிச் சில்லு. கரண்ட் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று பேசி, ஒத்துப்போகிறதா என்று தொடர்ந்து சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். சில்லு வேண்டுமா, நிண்டெண்டோவிடம்தான் வர வேண்டும். கேசட்டையும் அதுவே தயாரிக்கும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், ஒரு நிறுவனம் வருடத்துக்கு ஐந்து கேம்தான் விடலாம், அதையும் இரண்டு வருடம் வேறு கன்சோலுக்குக் கொடுக்கக்கூடாது. கோனாமி நிறுவனம் ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயரில் கம்பெனி வைத்து இந்தக் கணக்கைச் சமாளித்தது. டெங்கன் என்ற நிறுவனம் பூட்டையே உடைக்கப் பார்த்து, அதற்காக அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பொய்க் காரணம் சொல்லி நிரலை வாங்கி, நீதிமன்றத்தில் மாட்டியது.

அடாவடிதான். ஆனால் குப்பை கேம்கள் மறுபடி கடையை நிரப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் நம் வீட்டில் இருந்த டிவி கேம் நிண்டெண்டோவா?

பெரும்பாலும் இல்லை. அது ஃபேமிகாமின் நகல். தைவானிலும் பிறகு சீனாவிலும் செய்த சில்லுகளை வைத்து, ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு டப்பாவில் உலகம் முழுக்கப் போனது. ரஷ்யாவில் 1992 கடைசியில் ‘டெண்டி’ என்ற பெயரில் வந்தபோது, அங்கே பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கன்சோல். நிண்டெண்டோ என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாமல் மரியோ ஆடினார்கள். நம் கதையும் அதேதான்.

ஏன் அமெரிக்க நெஸ்ஸை விட்டு ஜப்பான் மாடலை நகலெடுத்தார்கள்? முதலில் வந்தது அது என்பது ஒன்று. இன்னொன்று, ஜப்பான் ஃபேமிகாமில் பூட்டுச் சில்லே இல்லை. அமெரிக்கக் கேசட்டில் 72 ஊசி, ஜப்பான் கேசட்டில் 60. நம் வீட்டுக் கேசட் எல்லாம் 60 ஊசி ரகம். பூட்டில்லாத கதவு வழியாகத்தான் கான்ட்ராவும் டாங்கும் ரோட் ஃபைட்டரும் நம் தெருவுக்கு வந்தன. கேம் எழுதியவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை என்பது நியாயமில்லைதான். ஆனால் அசல் விலைக்கு அந்தக் காலத்தில் நம் ஊரில் எத்தனை வீட்டில் வாங்கியிருப்பார்கள்?

9999 இன் 1 கேசட்டில் உண்மையில் எத்தனை கேம்?

விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரே மரியோவை முதல் ஸ்டேஜிலிருந்து ஒரு பெயரில், மூன்றாம் ஸ்டேஜிலிருந்து இன்னொரு பெயரில், கூடுதல் லைஃபோடு வேறொரு பெயரில் போட்டிருப்பார்கள். பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். கேம் திரும்பத் திரும்ப அதே. இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அந்தக் கேம்களின் அளவு. சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இடம் மிச்சம்பிடிக்க அதில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

கேசட்டை ஊதினால் சரியாகுமா?

ஊதியதால் சரியாகவில்லை, கழற்றித் திரும்பச் செருகியதால் ஊசிகள் சரியாகப் பொருந்தின, அதனால் ஓடியது. வாயிலிருந்து போகும் ஈரம் நாளடைவில் செம்புத் தடத்தைக் கெடுக்கும். அமெரிக்காவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். முன்பக்கம் தள்ளும் அந்த நெஸ் பெட்டியின் இணைப்பான் சீக்கிரம் தளர்ந்துவிடும், பூட்டுச் சில்லுக்குப் போகும் ஒரு ஊசி அழுக்கானாலும் சில்லுகளின் பேச்சு அறுந்து பெட்டி ரீசெட் ஆகும். நம் நகல் பெட்டியில் பூட்டு இல்லாததால், அழுக்கென்றால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி எப்படி வேலை செய்தது?

துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. அதன் வாயில் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண். ட்ரிகரை அழுத்தியதும் திரை ஒரு நொடிப்பொழுது முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் (திரையில் வரையப்படும் அடுத்த படத்தில்) வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்ற வரிசையில் அந்தக் கண் பார்த்தால் குறி சரி. இரண்டு வாத்து இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபிரேம். எந்த ஃபிரேமில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும்.

ஒடிஸிக்கு விற்ற துப்பாக்கியை எரிகிற பல்புக்கு நேராகப் பிடித்தாலே ‘பட்டது’ என்று எடுத்துக்கொள்ளும். நிண்டெண்டோ அந்தக் கறுப்பு ஃபிரேமை வைத்ததால் அந்தத் தில்லுமுல்லு நடக்காது. எல்இடி, எல்சிடி டிவியில் இந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. படம் திரைக்கு வரச் சில மில்லி நொடிகள் தாமதமாகும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

8 பிட், 16 பிட் என்பதெல்லாம்?

செயலி ஒரே மூச்சில் எவ்வளவு பெரிய எண்ணைக் கையாளும் என்பதன் அளவு. 1988-ல் ஜப்பானின் சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கன்சோல் பெட்டிமேலேயே 16 பிட் என்று பொன்னிறத்தில் அச்சடித்தது. அங்கிருந்து அது விளம்பர வாசகமாகிவிட்டது. பிட் கூடினால் ஜெயிக்கலாம் என்றால் 1989-ல் நிண்டெண்டோ விட்ட, கையில் வைத்து ஆடும் கேம் பாய் தோற்றிருக்க வேண்டும். அதை உருவாக்கிய குன்பேய் யோகொய் வேண்டுமென்றே பழைய, மலிவான பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்: கலர் இல்லாத திரை, நான்கு பென்சில் பேட்டரி. சேகாவின் கலர் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றது. கேம் பாய், கேம் பாய் கலர் இரண்டும் சேர்ந்து 11 கோடியைத் தாண்டி விற்றன. மாஸ்கோவில் அலெக்ஸே பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸ் அமெரிக்காவில் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சோனி எப்படி உள்ளே வந்தது?

நிண்டெண்டோவே கூப்பிட்டு, பிறகு அவமானப்படுத்தி அனுப்பியது. சோனியின் கென் குதராகி சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒலிச் சில்லு செய்து கொடுத்தவர். அடுத்து இரண்டு நிறுவனமும் சேர்ந்து அதற்கு சிடி டிரைவ் செய்வதாக ஒப்பந்தம். 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் ‘பிளே ஸ்டேஷன்’ என்று சோனி பெருமையாக அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், நாங்கள் பிலிப்ஸோடு போகிறோம் என்று நிண்டெண்டோ அறிவித்தது. காரணம் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து: சிடியில் வரும் கேம்களுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் சோனியிடம் போயிருந்தது. தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதை ஒருபோதும் விடமாட்டார். அந்தக் கூட்டு முயற்சியின் மாதிரிப் பெட்டி ஒன்று 2020-ல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது.

சோனி தனியாக இறங்கியது. 1994 டிசம்பர் 3-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது. மறுவருடம் அமெரிக்கக் கண்காட்சியில் சேகா தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்று சொல்லிவிட்டு இறங்கியது. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அரங்கம் அதிர்ந்தது.

நிண்டெண்டோ 64 அப்போதும் கேசட்டை விடவில்லை. கேசட் செய்யச் செலவு அதிகம், ஆர்டர் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிடியைச் சில்லறைக் காசில் அச்சடிக்கலாம், 650 மெகாபைட் இடமும் கிடைக்கும். மூன்று சிடியில் வந்த, ஸ்கொயர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேண்டசி 7 அதனால்தான் 1997-ல் நிண்டெண்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போனது. சாவியை இறுகப் பிடித்தவர், வாடிக்கையான கூட்டாளியை இழந்தார்.

‘சிப் போட்ட’ பிளேஸ்டேஷன் என்றால் என்ன?

பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அலைந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசல் பிளேஸ்டேஷன் சிடியின் உள்விளிம்பில் தடம் நேராக ஓடாமல் மிக நுட்பமாக நெளியும். அந்த நெளிவிலேயே நான்கு எழுத்துக் குறியீடு இருக்கும்; ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வீட்டுக் கணினியில் நகல் எடுத்தால் தகவல் வரும், நெளிவு வராது; கன்சோல் நகலை ஏற்காது. மோட் சிப் அந்த எழுத்துக்களைத் தானே கன்சோலின் காதில் ஓதிவிடும்.

சேகாவின் டிரீம்காஸ்டுக்கு அந்தச் சிப்பும் தேவைப்படவில்லை. இசை சிடிகளுக்காக வைத்த ஒரு வசதி வழியாக நகல் டிஸ்க் நேரடியாக ஓடியது. டிஜிட்டல் பூட்டில் இவ்வளவு பெரிய ஓட்டை வேறெந்தப் பெரிய கன்சோலிலும் பார்த்ததாக நினைவில்லை. அதனால் மட்டும் சேகா விழவில்லை. கடனும், முந்தைய தோல்விகளும், எதிரே வந்த பிளேஸ்டேஷன் 2-ம் சேர்ந்துதான் 2001-ல் அதைக் கன்சோல் தொழிலிலிருந்தே விலக வைத்தன.

அதிகம் விற்ற கன்சோல்?

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2. 16 கோடி. டிவிடி பிளேயராகவும் ஓடியதால் வீட்டில் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது எளிது.

டிஸ்க் டிரைவ் உள்ளது வாங்கலாமா, இல்லாததா?

விலை வித்தியாசத்தைத் தாங்க முடிந்தால் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். டிஸ்க்கை நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், ஆடி முடித்ததும் விற்கலாம். டிரைவ் இல்லாத பெட்டியில் கன்சோல் கம்பெனியின் ஆன்லைன் கடைதான் கதி; அவர்கள் வைத்ததுதான் விலை. 2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும், பழைய கேம் விற்பனைக்கும் கட்டுப்பாடு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரே மாதத்துக்குள் பின்வாங்கியது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கன்சோல்களின் ஆன்லைன் கடையில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் கிடைத்த கேம்களை இனி முறையாக வாங்க வழியில்லை.

பரணில் கிடக்கும் பழைய செட்டை இப்போதைய டிவியில் ஓட்டலாமா?

ஓட்டலாம். பின்னால் மஞ்சள் ஜாக் இருந்தால் டிவியின் ஏவி இன்புட்டில் செருகுங்கள். புது டிவி சிலவற்றில் மூன்று ஜாக்குக்குப் பதில் ஒரே சின்னத் துளைதான் இருக்கும். அதற்கான ஒயர் தனியாகக் கிடைக்கும். ஆன்டெனா ஒயர் மட்டும் உள்ள செட் என்றால் டிவியை அனலாக் சேனல் தேடலில் போட்டுப் பிடிக்க வேண்டும்.

அடாப்டரில்தான் கவனம் தேவை. அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, நடு ஊசி நெகட்டிவ். அமெரிக்க நெஸ் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஃபேமிகாமில் செருகினால் புகைந்துவிடும். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் நேரடியாகப் போடவே கூடாது. நகல் செட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்பதால், பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள்.